பழைய கொலை வழக்கு, சோதிக்காத நகத்துணுக்குகள்: இப்போது டிஎன்ஏ சோதனை கேட்க முடியுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2006-ல் அவர்கள் தெருவில் தனியாக வசித்த ஒரு மூதாட்டி கொலை செய்யப்பட்டார். கடிதம் எழுதியவரின் அண்ணன் கைதானார். 2009-ல் செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 2013-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கையில் காசு இல்லாததால் உச்ச நீதிமன்றம் போகவில்லை. தண்டனைக்கு மூன்று ஆதாரங்கள். அன்று மாலை அண்ணனை அந்த வீட்டு வாசலில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சாட்சியம் ஒன்று. அண்ணனின் வாக்குமூலத்தை வைத்துக் கைப்பற்றியதாகச் சொல்லப்பட்ட சட்டை இன்னொன்று; அதில் 'ஓ' வகை மனித ரத்தம் இருந்தது, இறந்தவரின் வகையும் அதுதான். மூன்றாவது, இறந்தவரின் கையில் இருந்த முடி அண்ணனின் முடியோடு 'ஒத்திருக்கிறது' என்ற ஆய்வக அறிக்கை. பிரேதப் பரிசோதனையில் நகத்துணுக்குகள் எடுத்ததாக மருத்துவர் சாட்சி சொல்லியிருக்கிறார், ஆனால் அவற்றைச் சோதித்ததாகத் தீர்ப்பில் எங்கும் இல்லை.

வெளிநாடுகளில் டிஎன்ஏ சோதனையால் பல வருடங்கள் கழித்து விடுதலையானவர்களைப் பற்றிச் செய்தியில் பார்த்திருக்கிறார். அண்ணனுக்கும் அப்படிச் செய்ய முடியுமா? தனியார் ஆய்வகம் ஒன்று அண்ணனின் ரத்தத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறேன் என்கிறது, பணம் கட்டலாமா? அண்ணன் நார்கோ சோதனைக்கும் (மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் விசாரிப்பது) தயார், அதைக் கேட்கலாமா? தண்டனை முடியும் முன்பே விடுவிக்கும்படி அரசைக் கேட்கும் முன்விடுதலை மனு ஒருமுறை நிராகரிக்கப்பட்டது, மறுபடி போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தீர்ப்பு நகலை முழுவதும் படித்தேன். உங்கள் சந்தேகத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சட்டத்தைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு: அந்த நகத்துணுக்குகளும் முடியும் சட்டையும் இன்று எங்கே இருக்கின்றன? பொருள் இல்லாமல் போனால் எவ்வளவு நல்ல மனு எழுதினாலும் பயனில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பொருளைத் தேடுங்கள்

தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். சா.பொ.1 முதல் 9 வரையிலான சான்றுப் பொருட்கள் மதிப்பற்றவை என்பதால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அழிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. கொலை வழக்குத் தீர்ப்புகளில் வழக்கமாக வரும் வரிதான் இது. உயர் நீதிமன்றம் 2013-லேயே மேல்முறையீட்டை முடித்துவிட்டது, ஆக அன்றிலிருந்து எந்த நாளிலும் அவை அழிக்கப்பட்டிருக்கலாம். நடைமுறையில் இந்த உத்தரவு உடனே நிறைவேறுவதில்லை. வருடக்கணக்காகச் சொத்து அறையில் கிடக்கும் பொருட்களும் உண்டு. உங்கள் நம்பிக்கை இப்போதைக்கு அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

சட்டை சா.பொ.4, முடி சா.பொ.7. நகத்துணுக்குகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்படியானால் அவை நீதிமன்றத்தில் சான்றாக எண்ணிட்டுக் குறியீடு செய்யப்படவே இல்லை. மருத்துவர் அவற்றை உறையில் போட்டு ஒரு காவலரிடம் கொடுத்திருப்பார். அங்கிருந்து நான்கு இடங்களில் ஒன்றில் தங்கியிருக்கலாம்: மருத்துவமனை, காவல் நிலையம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம், தடய அறிவியல் ஆய்வகம். தடம் பிடிக்க இந்தக் காகிதங்கள் வேண்டும்: பிரேதப் பரிசோதனைச் சான்று, பிணத்தோடு போன காவலரின் சாட்சியம், பொருட்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95, மாஜிஸ்திரேட் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதம், ஆய்வகத்தின் உயிரியல் மற்றும் ரத்தவியல் அறிக்கைகள். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டால் இவற்றில் பலதும் கிடைக்கும். தாமதம் வேண்டாம், வழக்குக் கட்டுகளுக்கும் ஆயுள் உண்டு.

ஆய்வக அறிக்கையைப் பொறுமையாகப் படியுங்கள். 'பொருள் 6: நகத்துணுக்குகள், ரத்தம் தென்படவில்லை' என்று ஒரே ஒரு வரி எங்காவது இருக்கலாம். தீர்ப்பில் அது வராமல் போயிருக்கலாம். அந்த வரியைப் பார்த்ததும் சோர்ந்துவிடாதீர்கள். ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். நகத்தடியில் ரத்தம் இல்லாமலே இன்னொருவரின் தோல் செல்கள் இருக்க முடியும், அவற்றை அன்று யாரும் தேடவில்லை.

பொருட்கள் இருக்கின்றன என்று தெரிந்த அன்றே வழக்கறிஞர் மூலம் செய்ய வேண்டியது, அவற்றை அழிக்காமல் வைத்திருக்க உத்தரவு கேட்பது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் கேட்கலாம், அங்கே தயங்கினால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தின் கீழ் கேட்கலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் பிரிவு 528). இது தீர்ப்பை மாற்றச் சொல்லும் மனு இல்லை. பொருளைக் காப்பாற்றச் சொல்வது மட்டும்தான். அதனால் இதைப் பெறுவது மற்ற எல்லாவற்றையும் விட எளிது. அழித்துவிட்டார்கள் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். எப்போது, எந்த உத்தரவின்படி என்று பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்தியில் பார்த்தது இங்கிலாந்தின் ஆண்ட்ரூ மால்கின்சன் வழக்கு என்று நினைக்கிறேன். 17 வருடம் சிறையில் இருந்தார், 2023 ஜூலையில் தண்டனை ரத்தானது. அந்த வழக்கிலும் முக்கியப் பொருட்கள் காவல்துறையிடம் மிஞ்சவில்லை. ஆய்வகக் காப்பகத்தில் மாதிரிகள் தப்பிப் பிழைத்திருந்ததால்தான் புதிய டிஎன்ஏ சோதனை நடந்தது.

சோதனை என்ன சொல்ல முடியும்?

மூன்று பொருட்களும் ஒரே மதிப்புடையவை இல்லை.

சட்டையில் இருந்த 'ஓ' வகை ரத்தத்தை நீதிமன்றம் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டது. பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு இருக்கும் வகை அது. உங்கள் அண்ணனுக்கும் 'ஓ' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய சொந்த ரத்தமாகவே இருக்கலாம் என்ற வாதம் விசாரணையில் வைக்கப்படவே இல்லை. இன்றைய டிஎன்ஏ சோதனை அந்தக் கறை யாருடையது என்று சொல்ல முடியும், கறையில் டிஎன்ஏ சிதையாமல் இருந்தால். வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைக் கெடுக்கும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டிய துணியிலிருந்து ஒன்றும் கிடைக்காமல் போகலாம், காகித உறையில் உலர்ந்து இருந்தால் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, சாட்சிகள் அடையாளம் காட்டும்போது வெறுங்கையால் பிடித்துக் காட்டிய சட்டை அது. அதில் வேறொரு ஆணின் டிஎன்ஏ கிடைத்தாலும், அது கொலையாளியுடையது என்று சொல்லிவிட முடியாது.

முடி விஷயத்தில் உங்களுக்கு நியாயமான கோபம் இருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டு முடிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து 'ஒத்திருக்கிறது' என்று சொல்வதால் ஒருவரை அடையாளம் காண முடியாது. அமெரிக்காவின் எஃப்பிஐ தன் பழைய முடி ஒப்பீட்டு வழக்குகளைத் தானே திரும்பப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரோடு பொருந்துகிறது என்று நிபுணர்கள் சாட்சி சொன்ன 268 விசாரணைகளில் 257-ல் அந்தச் சாட்சியம் அறிவியல் தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இந்த வகைச் சான்றின் பலவீனத்தைக் காட்ட நல்ல ஆயுதம். வேர் இல்லாத முடியிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எடுக்க முடியும். அது தாய்வழியில் வருவது, உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே 'இவர்தான்' என்று அது சொல்லாது. 'இவர் இல்லை' என்று உறுதியாகச் சொல்லும். ஒரு எச்சரிக்கை: இறந்தவரின் கையில் இருந்த முடி அவருடையதாகவே இருப்பது சகஜம். அப்படி வந்தால் அண்ணனுக்கு எதிரான ஒரு ஆதாரம் விழும், வேறு ஆளைக் காட்டிய மாதிரி ஆகாது.

நகத்துணுக்குகள்தான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. மூதாட்டியின் கைகளில் தற்காப்புக் காயங்கள் இருந்ததாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் போராடியிருக்கிறார். நகத்தடியில் அவருடைய சொந்த டிஎன்ஏவே மிகுந்திருக்கும், அதற்குள் மற்றவருடையது அமுங்கிப் போகும். இதற்காகவே ஒய்-குரோமோசோமை மட்டும் தேடும் சோதனை இருக்கிறது. பெண்ணிடம் ஒய் கிடையாது, ஆகவே கிடைப்பது ஒரு ஆணுடையதுதான். அது தந்தைவழி ஆண்களுக்குப் பொதுவானது என்பதால் இதிலும் விலக்குவதுதான் உறுதியாக முடியும். சட்டையைப் போல நீதிமன்றத்தில் பல கைகள் பட்ட பொருளும் இல்லை இது. உறை பிரிக்கப்படாமல் கிடைத்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

சட்டத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறது?

பல நாடுகளில் தண்டனை பெற்றவர் டிஎன்ஏ சோதனை கேட்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் இறுதித் தீர்ப்புகளை மறு ஆய்வு செய்ய 1997 முதல் தனி ஆணையமே இயங்குகிறது. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. நாடாளுமன்றத்தில் இருந்த டிஎன்ஏ மசோதாவும் 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் 'சோதனை என் உரிமை' என்று போய் நிற்க முடியாது. இருக்கும் கதவுகளில் எது நமக்கு என்று பார்க்க வேண்டும்.

மறுவிசாரணை தானாக நடக்கும் என்று எண்ண வேண்டாம். கையெழுத்திட்ட தீர்ப்பை அதே நீதிமன்றம் மாற்ற முடியாது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கூடுதல் சான்று கேட்கப் பழைய சட்டத்தில் பிரிவு 391, புதியதில் 432 உண்டு. உங்கள் அண்ணனுக்கு உயர் நீதிமன்றத்தில் அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. தவிர, அந்தப் பிரிவும் தாராளமானது இல்லை. காசோலை வழக்கு ஒன்றில் கையெழுத்தை நிபுணருக்கு அனுப்பும்படி மேல்முறையீட்டில் கேட்டபோது, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. உரிய முயற்சி எடுத்தும் விசாரணையில் சான்றைக் கொண்டுவர முடியாமல் போனதா என்பதுதான் அளவுகோல் என்றது. 'அப்போதே ஏன் கேட்கவில்லை?' என்ற கேள்விக்கு உங்கள் பதில் தயாராக இருக்க வேண்டும். நகத்துணுக்குகளைப் போலீஸ் பட்டியலில் காட்டவே இல்லை, அன்றைய சோதனை முறைகளுக்கு இவ்வளவு நுட்பம் இல்லை, அண்ணனுக்காக வாதாடியவர் கடைசி நேரத்தில் நியமிக்கப்பட்டவர் என்பதெல்லாம் நல்ல பதில்களே, ஆவணம் காட்ட முடிந்தால்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு இன்னும் போடப்படவே இல்லை. 90 நாள் கெடு எப்போதோ கடந்துவிட்டது உண்மைதான், ஆனால் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். சிறையில் இருப்பவர், வறுமை, சட்ட உதவி கிடைக்காமை ஆகிய காரணங்களை ஆயுள் தண்டனை வழக்கில் நீதிமன்றம் மனிதாபிமானத்தோடு பார்ப்பது உண்டு, கட்டாயம் இல்லை. இதற்குப் பணம் வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் பிரிவு 12 சொல்கிறது. அண்ணன் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தாலே மனு உச்ச நீதிமன்ற சட்ட சேவைக் குழுவுக்குப் போகும். வெளியிலிருந்து நீங்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசலாம்.

இந்த மனு ஒரே ஒரு முறைதான். வெறுங்கையோடு போட்டு, ஒரு வரியில் தள்ளுபடியானால், பிறகு மிஞ்சுவது அதே நீதிமன்றத்தைத் தன் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவும், அதுவும் தோற்றபின் கடைசி வாய்ப்பான கியூரேட்டிவ் மனுவும்தான். அவை மிக அரிதாகவே வெல்லும். (2009-ல் உச்ச நீதிமன்றமே மரண தண்டனை விதித்த ஆறு பேரை, 2019-ல் அதே நீதிமன்றம் சீராய்வில் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. நடக்காதது இல்லை, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.) அதனால்தான் முதலில் பொருள், பிறகு காகிதங்கள், பிறகு மனு என்று வரிசை சொல்கிறேன். மனுவோடு சேர்த்தே பொருட்களைப் பாதுகாக்கவும், நகத்துணுக்குகளை அரசு ஆய்வகத்தில் சோதிக்கவும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு தீர்ப்பு உங்கள் வழக்கறிஞருக்குக் கைகொடுக்கும். சுருளி அருவி அருகே 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளை அங்கே விரிவாகப் பேசி, நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், எடுத்த நாள் முதல் வழக்கு முடியும் வரை யார் கையில் இருந்தது என்று பதிவேடு வேண்டும், விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது. 2006-ல் இந்த விதிகள் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டை கைப்பற்றப்பட்ட நாளுக்கும் ஆய்வகம் போன நாளுக்கும் இடையே 23 நாள் இருக்கிறது. அது எங்கே இருந்தது என்று யாரும் சாட்சி சொல்லவில்லை. புதுச் சோதனை எதுவும் நடக்காவிட்டாலும் இந்த வாதம் இருக்கும்.

தனியார் ஆய்வகம், நார்கோ

தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அண்ணனின் ரத்தத்தைச் சோதித்தால் அண்ணனின் டிஎன்ஏ என்ன என்று தெரியும், அவ்வளவுதான். ஒப்பிட வேண்டிய மறுபாதி நீதிமன்றத்தின் வசம் இருக்கிறது. அந்தச் சான்றிதழை யாரும் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

நார்கோவும் உதவாது. சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று 2010-லும், சம்மதித்தாலும் அதைக் கேட்பது முழு உரிமை ஆகாது என்று 2025-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மயக்கத்தில் ஒருவர் சொல்வதை வைத்து அவர் குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் முடிவுக்கு வராது. மருந்து ஏற்றிய நிலையில் தப்பாக ஒரு வார்த்தை வந்துவிட்டால் சிக்கல் அண்ணனுக்குத்தான்.

அண்ணனிடம் ஒரு பேச்சு

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் தவறு. சோதனை இரண்டு பக்கமும் வெட்டும். நீதிமன்றம் வழியாக வரும் முடிவு அரசுத் தரப்புக்கும் போகும். நகத்தடியில் இருப்பது அண்ணனுடையது என்று வந்தால், அதற்குப் பின் எந்த வாதமும் நிற்காது, முன்விடுதலைக்கும் அது நிழலாகும். அண்ணன் குற்றமற்றவர் என்று நீங்கள் முழு மனதோடு நம்புகிறீர்கள், நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் இந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். வழக்கறிஞர் சிறையில் தனியாக அவரைச் சந்தித்து இதை விளக்கட்டும். வழக்கறிஞரிடம் அவர் சொல்வது ரகசியம். அதை வெளியிட வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. சிறைத் தொலைபேசியில் நீங்கள் இதைப் பேச வேண்டாம்.

சோதனை அண்ணனுக்குச் சாதகமாக வந்தாலும் உடனே விடுதலை என்று எண்ண வேண்டாம். வாசலில் பார்த்த சாட்சி இருக்கிறார். அவருடைய சாட்சியம் நிற்குமா என்று தனியே வாதாட வேண்டும். டிஎன்ஏ சோதனை நடக்கவில்லை என்பதால் மட்டும் அரசுத் தரப்பு வழக்கு விழாது என்று 2019-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கில் மூன்று கண்ணிகளில் இரண்டு ஆய்வக அறிக்கையைச் சார்ந்தவை. அந்த இரண்டும் ஆடினால், மிஞ்சும் ஒற்றைச் சாட்சியை வைத்து ஆயுள் தண்டனை நிற்பது கடினம்.

இறந்தவரின் குடும்பத்தாரிடம் மாதிரி கேட்டோ வேறு எதற்காகவோ நீங்கள் நேரில் போகாதீர்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு தாயை இழந்த வலி இருக்கிறது, சாட்சியைக் கலைக்க வந்தார்கள் என்ற புகாருக்கும் இடம் கொடுத்துவிடும். ஒப்பீட்டுக்கு அவர்களுடைய மாதிரி தேவைப்பட்டால் நீதிமன்றம் கேட்டுப் பெறும்.

முன்விடுதலை மனு

இதை நிறுத்த வேண்டாம். முன்விடுதலை கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. அது தண்டனையைக் குறைக்கும் அரசின் அதிகாரம் பற்றியது, தீர்ப்பின் சரி தவறு பற்றியது இல்லை. உச்ச நீதிமன்ற மனுவும் இதுவும் ஒரே நேரத்தில் போகலாம். அண்ணன் 14 வருடத்தைத் தாண்டிவிட்டார். தண்டனை விதித்த அன்று இருந்த அரசுக் கொள்கையின்படி அவரைப் பரிசீலிக்க வேண்டும், பிறகு வந்த கொள்கை தாராளமானதாக இருந்தால் அதன் பலனும் அவருக்குண்டு. நிராகரித்த உத்தரவில் காரணம் என்ன என்று கேட்டு வாங்குங்கள். நன்னடத்தை அலுவலரின் பாதகமான அறிக்கை என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த அறிக்கையின் நகலோடு உயர் நீதிமன்றம் போகலாம்.

ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம், அரசமைப்புச் சட்டப் பிரிவு 161, இதிலிருந்து வேறானது. கருணை அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது வழக்கின் சான்றுகளையே மறுபடி அலசி, நீதிமன்றம் வந்த முடிவுக்கு மாறான முடிவுக்கு வரலாம் என்று கெஹர் சிங் வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொன்னது. நீதிமன்றக் கதவுகள் மூடினாலும், பலவீனமான முடி அறிக்கையையும் சோதிக்காத நகத்துணுக்குகளையும் எடுத்துச் சொல்ல அங்கே இடம் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. செஷன்ஸ் நீதிமன்றத்தில் சா.பொ.4, சா.பொ.7 ஆகியவற்றின் நிலை என்ன என்று எழுத்தில் கேட்கும் மனு; ஆய்வக அறிக்கைகளுக்கும் படிவம் 95-க்கும் சான்றிட்ட நகல் மனு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அண்ணனின் பெயரில் உதவி கேட்டால் இரண்டையும் அவர்களே போட்டுத் தருவார்கள். அறிக்கைகள் கைக்கு வந்ததும், நகத்துணுக்குகள் எந்த எண்ணில், எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போயின அல்லது போகவே இல்லையா என்பதைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். உச்ச நீதிமன்ற மனுவில் எதை முன்னால் வைப்பது என்பதை அதைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.